சிங்க் மூடியும் மாதா மாதம் வரும் அடைப்பும்

சென்னையில் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. சமையலறை சிங்க் மாதம் ஒரு தடவையாவது அடைத்துக்கொள்கிறது. ஆன்லைனில் வாங்கிய சிலிக்கான் மூடி, கம்பிவலைச் சல்லடை, கடைக்காரர் கொடுத்த ஸ்டீல் கூடை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வாஷ்பேசினில் இருக்கும் அமுக்கு மூடி வேறு தண்ணீரை மெதுவாகத்தான் விடுகிறது. எந்த மூடி வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்கிறார். கேட்டது மூடியைப் பற்றி. ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது, குழாய் ஏன் அடைக்கிறது, அதை மூடியால் எவ்வளவு தூரம் தடுக்கலாம் என்பதைத்தான். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் பிளம்பர் ட்ரேடு படித்தவன். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கீழே எழுதுவதில் பெரும்பகுதி குழாயைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. உங்கள் வீட்டுக் குழாயை நான் பார்க்கவில்லை. அதனால் எங்கே நிச்சயமாகச் சொல்ல முடியும், எங்கே ஊகம்தான் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தேக்கி வைப்பது மூடியின் வேலை. குப்பையைப் பிடிப்பது சல்லடையின் வேலை. சிலிக்கான் மூடி முதல் வேலையை மட்டும் செய்யும். கம்பிவலை இரண்டாவதை மட்டும் செய்யும். அடியில் ரப்பர் வளையம் வைத்த ஸ்டீல் கூடை இரண்டையும் செய்யும்: தூக்கி வைத்தால் சல்லடை, அமுக்கினால் மூடி. நம் வீடுகளில் சிங்க்கை நிரப்பிப் பாத்திரம் கழுவும் பழக்கம் கிடையாது, குழாயைத் திறந்துவிட்டே தேய்த்துக் கழுவுகிறோம். அதனால் கூடையின் ரப்பர் வளையம் எப்போது இறுகிப்போனது, எப்போது கிழிந்தது என்று யாரும் கவனிப்பதில்லை. அந்த வளையத்துக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

அடைத்த சமையலறைக் குழாயை வெட்டி எடுத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று பெரும்பாலானவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்றரை அங்குலக் குழாயில் தண்ணீர் போகும் வழி சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். சுற்றிலும் வெளிர் சாம்பல் நிறத்தில், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் ஒரு பிசுக்கு. கத்தியால் சீவினால் அடுக்கடுக்காக வரும். குழாய்ச் சுவரை ஒட்டிய அடுக்கு கெட்டியாக, கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும். அதன் மேல் மஞ்சள் கலந்த கொழகொழப்பு. அந்தக் கொழகொழப்பில் கடுகு, கறிவேப்பிலையின் நடுநரம்பு, காபித்தூள், ஸ்டீல் நாரிலிருந்து பிரிந்த சுருள் கம்பி எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்கறித் தோல், சோற்றுப் பருக்கை என்று நாம் பயப்படும் பெரிய குப்பை அதில் கொஞ்சம்தான். குழாயை அடைத்தது அந்தப் பிசுக்கு. குப்பை அதில் வந்து சிக்கிக்கொண்டது. நீங்கள் மூடி, சல்லடை, கூடை என்று மூன்றும் போட்டும் அடைப்பு நிற்காததற்குக் காரணம் அநேகமாக இதுதான். எண்ணெய்க்கும் மாவுக்கும் எந்தச் சல்லடையும் தடை இல்லை.

எண்ணெய் எப்படி இவ்வளவு கெட்டியாகிறது? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழி மாத விடியற்காலையில் வெளிச்சுவரில் போகும் குழாய்க்கு அந்தக் குளிர் போதும். நெய்யும் வனஸ்பதியும் அதைவிடச் சீக்கிரம் உறையும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நம் ஊர்க் குளிரில் உறையாது, ஆனால் சுவரில் பூசிக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பது வேதியியல். எண்ணெய் சிதைந்து வரும் கொழுப்பு அமிலமும் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பு உண்டாகும். உப்புத் தண்ணீரில் குளித்தால் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் இதே குடும்பம்தான். போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கும் இடங்களில் குழாய் சீக்கிரம் அடைப்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். லண்டனில் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 2017-ல் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் இருக்கும் என்று மதிப்பிட்ட ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு துண்டை அடுத்த வருடம் அங்குள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கே வைத்தார்கள். சமையலறையிலிருந்து போன எண்ணெயோடு ஈரத் துடைப்புத்தாள்களும் சேர்ந்து வந்த வினை அது. ‘பாத்திரம் கழுவும் லிக்விட் எண்ணெயைக் கரைத்துவிடுமே’ என்று கேட்பார்கள். சிங்க்கில் கரைக்கும். பத்தடி தள்ளி, நுரை நீர்த்துப்போய், தண்ணீரும் ஆறிய பிறகு அதே எண்ணெய் பிரிந்து ஒட்டிக்கொள்ளும்.

நம் சமையலறைக்கு என்று தனியாக ஒரு பிரச்சினை உண்டு: மாவு. இட்லி மாவுப் பாத்திரத்தையும் கிரைண்டர் கல்லையும் கழுவும் தண்ணீர் நேராகக் குழாய்க்குள் போகிறது. அரிசி மாவு அடியில் தங்கும், உளுந்தின் வழவழப்பு அதைப் பிடித்து வைக்கும், மிச்சம் மீதி உள்ளேயே புளிக்கும். சோறு வடித்த கஞ்சி சூடாக இருக்கும்போது தண்ணீராக ஓடும், ஆறியதும் கூழாகும். பாத்திரம் தேய்க்கும் பவுடர், சாம்பல், செங்கல்தூள் எல்லாம் மணல் மாதிரி அடியில் போய் உட்காரும். இதற்கு நான் சொல்வது மிகச் சாதாரணமான வழி. மாவுப் பாத்திரத்தில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு விரலாலேயே வழித்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கோ அடுத்த தோசை மாவுக்கோ ஊற்றிவிட்டுப் பிறகு கழுவுங்கள். வாணலியில் எண்ணெய் இருந்தால் பழைய செய்தித்தாளால் ஒரு துடை துடைத்துவிட்டு சிங்க்கில் போடுங்கள். பாத்திரம் கழுவ ஆள் வைத்திருந்தால் அந்த அம்மாவிடமும் சொல்லி, துடைக்கக் காகிதத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தாள் தூரத்தில் இருந்தால் யாருமே துடைக்கமாட்டார்கள். இதைச் செய்த வீடுகளில் அடைப்பு வருவது கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்கிறது.

இப்போது சல்லடை. துளை 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்பது என் கருத்து. சோறு, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், புளிச்சக்கை எல்லாம் பெரும்பாலும் நிற்கும். அதைவிடப் பொடியான கம்பிவலை கடையில் பார்க்க நன்றாக இருக்கும். வீட்டில் இரண்டாவது நாளே கஞ்சியும் மாவும் கண்ணை அடைத்து, தண்ணீர் தேங்கும். உடனே சல்லடையைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடுவோம். அப்படித் தூக்கும் ஒவ்வொரு தடவையும் வலை பிடித்து வைத்த குப்பை மொத்தமாகக் குழாய்க்குப் போகிறது. அதனால்தான் கூடைக்கு அடியிலேயே நிலையான ஒரு ஜாலியும் இருக்கும் கப்ளிங்காக, அதாவது சிங்க் ஓட்டையையும் குழாயையும் இணைக்கும் பாகமாக, பார்த்து வாங்கச் சொல்கிறேன். கூடையை எடுத்தாலும் இரண்டாவது காவல் ஒன்று இருக்கும். கூடைக்கு நடுவில் விரலால் பிடித்துத் தூக்கக் குமிழோ வளையமோ இருக்கவேண்டும். அது வழுவழுவென்று வழுக்கினால், ஒரு மாதத்தில் கூடையைச் சுத்தம் செய்வது நின்றுபோகும்.

வாங்கும் முன் சிங்க் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். பழைய சிங்க்குகளில் சின்ன ஓட்டையும் தட்டையான ஜாலியும் இருக்கும், அதில் கூடை உட்காராது. புதிய சிங்க்குகளில் சுமார் மூன்றரை அங்குலம், நாலரை அங்குலம் என்று இரண்டு அளவு பரவலாக வருகிறது. ஒன்றுக்கு வாங்கிய கூடை இன்னொன்றில் ஆடும் அல்லது இறங்காது. ஆன்லைனில் வாங்கி ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய கூடையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே நல்லது. 304 ஸ்டீல் என்று எழுதியிருக்கும், காந்தம் ஒட்டவில்லை என்றால் அசல் என்று கடையில் சொல்வார்கள். அந்தச் சோதனையை நம்பவேண்டாம். மட்டமான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304 தகட்டையும் அழுத்தி வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் மலிவான ஸ்டீலிலும் குரோம் பூச்சிலும் சீக்கிரம் கறையும் பொட்டுப் பொட்டான அரிப்பும் வரும் என்பது மட்டும் நிச்சயம். கூடை நல்ல ஸ்டீலாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பாகம் கெட்டியான பிளாஸ்டிக்காக இருந்தால் குறை ஒன்றும் இல்லை, அது துருப்பிடிக்காது.

தட்டையான சிலிக்கான் மூடி நீங்கள் வாங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அதைத் தூக்கி எறியவேண்டாம். ஓட்டையைச் சுற்றி வழுவழுப்பான சமதளம் இருந்தால் அது நன்றாகப் பிடிக்கும், கோடும் பள்ளமும் இருந்தால் பிடிக்காது. அதற்கும் கூடையின் ரப்பர் வளையத்துக்கும் நான் சொன்ன முக்கியமான வேலை இதுதான். பாத்திரம் கழுவும்போது குழாயில் மெல்லிய ஓடையாகத்தான் தண்ணீர் போகிறது. அது குழாயின் அடிப்பாகத்தை மட்டும் நனைத்துக்கொண்டு போகும், படிந்ததை அசைக்காது. வாரம் ஒரு தடவை ஓட்டையை மூடி, சிங்க்கை முக்கால் பாகம் நிரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு வெந்நீர் கலந்து, கொஞ்சம் டிஷ் லிக்விட் விட்டு, மூடியைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். நடுத்தர சிங்க்கில் இருபத்தைந்து லிட்டருக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கும்போது குழாய் முழுக்க நிரம்பி ஓடும், புதிதாகப் படிந்த மெல்லிய பிசுக்கையும் மாவையும் இழுத்துக்கொண்டு போகும். பழைய கெட்டி அடுக்கை இது எடுக்காது. ஆனால் சுத்தம் செய்த குழாயைச் சுத்தமாகவே வைத்திருக்க, நான் பார்த்தவரையில் இதைவிடச் செலவில்லாத வழி இல்லை. தண்ணீர் வீணாகிறதே என்று தோன்றினால், ஆர்.ஓ. மெஷின் கழித்து வெளியே விடும் தண்ணீரைப் பிடித்து வைத்து இதற்கு ஊற்றுங்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, வீடுகளில் குவளையால் அளந்து தண்ணீர் செலவு செய்த நாட்களில், சமையலறை அடைப்புக்காக எனக்கு வந்த அழைப்புகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தன. காரணம் தண்ணீர்க் குறைவுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. மெல்லிய ஓட்டம் குழாயைக் கழுவாது என்பதோடு அது பொருந்துகிறது.

அடுத்து சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். அங்கே சுருள் சுருளாக வளையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று தரையிலோ சுவரிலோ உள்ள ஓட்டைக்குள் சொருகியிருக்கிறதா? ஓட்டையைச் சுற்றித் துணி அடைத்திருக்கிறதா? வாடகை வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்தச் சுருள் ஒவ்வொன்றும் பிசுக்கு தங்க ஒரு படி. நீளம் அதிகமாகி நடுவில் தொங்கினால் அங்கே நிரந்தரமாக ஒரு குட்டை. உள்ளே வழுவழுப்பான, கெட்டியான பி.வி.சி. குழாயாக மாற்றி, ஒரு பி-ட்ராப் வைத்தால் பாதித் தொல்லை குறைய வாய்ப்பிருக்கிறது. ட்ராப் என்பது தண்ணீர் தங்கும் வளைவு. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் லண்டனில் கழிப்பறைக்காகக் காப்புரிமை வாங்கியதும் இந்த வளைந்த குழாய்க்குத்தான். அதில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வரவிடாமல் தடுக்கிறது. வாஷ்பேசினுக்கு வைக்கும், அடியில் கிண்ணம் உள்ள பாட்டில் ட்ராப்பைச் சமையலறைக்கு வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே வழி குறுகல், மாவும் எண்ணெயும் அதன் கிண்ணத்தில் சீக்கிரம் நிறைந்துவிடும். ஏற்கெனவே பாட்டில் ட்ராப்தான் என்றால், அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு அந்தக் கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றி மாதம் ஒரு தடவை கழுவுங்கள். இதற்கு பிளம்பர் தேவையில்லை. இன்னொன்று, சிங்க்கின் அடியில் ஒரு ட்ராப், அதே குழாய் போய்ச் சேரும் தரையில் இன்னொரு ட்ராப் என்று இரண்டு இருந்தால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும். அடைப்பே இல்லாமல் அடைப்பு மாதிரி தெரியும்.

சரிவைப் பற்றியும் சொல்லவேண்டும். படுக்கைவாக்கில் போகும் குழாய் ஒரு அடிக்குக் கால் அங்குலம் இறங்கவேண்டும். கொத்து வேலையின்போது இது தவறிப்போனால், என்ன மூடி போட்டாலும் என்ன மருந்து ஊற்றினாலும் அதே இடத்தில் மறுபடி அடைக்கும். மாதா மாதம் தவறாமல் அடைக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. இங்கிருந்தபடி உறுதியாகச் சொல்ல முடியாது. சிறிய கேமராவைக் குழாய்க்குள் விட்டுப் பார்ப்பவர்கள் இப்போது சென்னையில் கிடைக்கிறார்கள். அடிக்கடி அடைத்தால் ஒரு தடவை அதற்குச் செலவழிப்பதில் தவறில்லை. குழாயை மாற்ற நேர்ந்தால், ஐ.எஸ். 13592 தரத்தில் டைப் பி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது, விலை குறைவு என்று அதைப் போட்டுவிடுவார்கள்.

வாஷ்பேசின் கதை வேறு. அங்கே வில்லன் முடி. ஒரு தடவை அமுக்கினால் மூடிக்கொண்டு, மறுபடி அமுக்கினால் திறக்கும் மூடிக்கு நடுவே ஒரு தண்டு இருக்கிறது. தலை வாரும்போதும் ஷேவ் செய்யும்போதும் விழும் முடி அந்தத் தண்டைச் சுற்றிக்கொள்ளும், பற்பசையும் சோப்பும் அதில் பூசிக்கொள்ளும். பெரும்பாலான மூடிகளைத் திறந்த நிலையில் வைத்து இடப்பக்கமாகத் திருகினால் கையோடு வந்துவிடும். வழுக்கினால் ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள். கீழே கறுப்பாக, வால் மாதிரி ஒன்று வரும், நாற்றமடிக்கும். அதை எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து மறுபடி பூட்டினால் தண்ணீர் பழையபடி ஓடவேண்டும். ஓடவில்லை என்றால்தான் பாட்டில் ட்ராப்பைக் கழற்றவேண்டும். உங்கள் பேசினில் இதுதான் பிரச்சினை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்வேன். உங்கள் வீட்டில் யாரும் பேசினை நிரப்பி முகம் கழுவுவதில்லை என்றால் அந்த மூடியே தேவையில்லை. எப்போதும் திறந்திருக்கும் சாதாரண ஜாலி கப்ளிங் போதும். பேசினில் கழற்றி வைத்த மோதிரமோ கம்மலோ உள்ளே விழாமல் அது தடுக்கும்.

பேசின் கப்ளிங் மாற்றும்போது ஒரு விவரத்தைக் கவனியுங்கள், அனுபவமுள்ள பிளம்பர்களே சில நேரம் கோட்டை விடும் இடம் இது. பேசினின் மேல் ஓரத்தில், தண்ணீர் வழியாமல் இருக்க ஒரு சின்ன ஓட்டை இருந்தால் பக்கவாட்டில் துவாரம் உள்ள ஹாஃப் த்ரெட் கப்ளிங் வாங்கவேண்டும். அந்த ஓட்டை இல்லாத பேசினுக்கு ஃபுல் த்ரெட். மாற்றிப் போட்டால், முதல் வகையில் மேல் ஓட்டையில் இறங்கும் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. இரண்டாவது வகையில் துவாரம் வழியாகத் தண்ணீர் கசிந்து பேசினுக்கு அடியில் சொட்டும். மூடி சரியில்லை என்று திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

குளியலறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் கீழே போனால் பல வீடுகளில் எல்லாம் ஒரே குழாயில் சேருகிறது. எண்ணெய்க் குளியலன்று நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், உதிர்ந்த முடி மூன்றும் ஒன்றாக இறங்கும். சீயக்காய் கரையாது, ஊறிப் பருத்து முடியில் சிக்கிக்கொள்ளும். அதோடு ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் துப்பிய முனை, ஸ்டிக்கர் பொட்டு, ஹேர்பின். தரை ட்ராப்பைத் திறந்தால் இவை இல்லாத வீடு அபூர்வம். ஜாலிக்கு மேல் முடி பிடிக்கும் சிலிக்கான் வலை ஒன்றைப் போட்டு, குளித்தவர் கையோடு முடியை எடுத்துக் குப்பையில் போட்டால் போதும். நஹானி ட்ராப் என்று சொல்லும் அந்தத் தரை ட்ராப்பின் உள்ளே கவிழ்த்து வைத்த ஒரு கிண்ணம் இருக்கும். தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அதை எடுத்துத் தூர வைத்துவிடுவார்கள். அப்புறம் நாற்றம், கரப்பான், கொசு என்று புலம்புவார்கள். தயவுசெய்து அந்தக் கிண்ணத்தை எடுக்காதீர்கள், எடுத்துக் கழுவிவிட்டுத் திரும்ப வையுங்கள். உபயோகிக்காத குளியலறை இருந்தால் வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அந்த நீர்த்தடை வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷினிலிருந்து வரும் குழாயின் வாயில் ஒரு பழைய நைலான் சாக்ஸைக் கட்டினால் துணிப்பஞ்சு நிற்கும்.

அடைத்தே விட்டால் என்ன செய்வது? முதலில் பம்பர், அதாவது ரப்பர் கிண்ணம் வைத்த தடி. கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கவேண்டும். பேசினின் மேல் ஓட்டையையும், இரட்டை சிங்க் என்றால் மறுபக்க ஓட்டையையும் ஈரத்துணியால் அழுத்தி அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்த வழியே போய்விடும். தள்ளுவதைவிட இழுப்பதில்தான் பலன் அதிகம். அதில் வரவில்லையென்றால் ட்ராப்பைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், குழாய்க்குள் விட்டுச் சுழற்றும் ஸ்பிரிங் கம்பி. இந்த வரிசையை மாற்றி எடுத்தவுடன் மருந்து ஊற்றுவதுதான் ஆபத்து. கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் தூளில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. கொழுப்பை அது உண்மையாகவே கரைக்கும், முடியையும் சிதைக்கும். ஆனால் முழுக்க அடைத்த குழாயில் அது ஒரே இடத்தில் தேங்கிக் கொதிக்கும். வழி விடவில்லையென்றால், அடுத்து ட்ராப்பைக் கழற்றுபவரின் கையிலும் முகத்திலும் அந்தக் காரம் கொட்டும். அப்படிப்பட்ட புண்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்து ஊற்றியிருந்தால் வருகிறவரிடம் கதவைத் திறந்ததுமே சொல்லிவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. கழிப்பறைக்கு வாங்கும் ஆசிட்டை ஸ்டீல் சிங்க்கில் ஊற்றினால் சிங்க் கறுத்து ஓட்டை விழும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். பி.வி.சி. குழாய் 80 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும், இணைப்புகள் தளரும், பீங்கான் பேசின் விரிசல் விடலாம். சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க சிங்க்கில் கவிழ்ப்பதும் இதில் சேர்த்தி. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. இரண்டும் சேர்ந்தால் நுரை நிறைய வரும், ஒன்றை ஒன்று சமன் செய்துகொண்டு மிஞ்சுவது உப்புக் கரைசலும் கரியமில வாயுவும்தான். நாற்றம் கொஞ்சம் குறையும், கொழுப்பு கரையாது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் வீட்டிலேயே ஊறவைக்கும் பயோ என்சைமைப் பற்றி நல்லதாகச் சொல்பவர்களும் உண்டு, ஒன்றுமே நடக்கவில்லை என்பவர்களும் உண்டு. குழாய்க்குக் கெடுதல் செய்யாது, அடைப்பை எடுக்கும் என்று நம்பி மட்டும் இருக்காதீர்கள். கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல்கள் மெல்ல வேலை செய்பவை. சுத்தமான குழாயில் ராத்திரி ஊற்றிவிட்டால் பயன் இருக்கலாம், அடைத்த அன்று அதனால் உபயோகம் இல்லை.

கடைசியாக, அடைப்பு உங்கள் வீட்டுக்குள்தானா என்று முதலில் பாருங்கள். சிங்க் மட்டும் மெதுவாகப் போனால் ட்ராப்பிலோ உங்கள் கிளைக் குழாயிலோ கோளாறு. சிங்க்கும் குளியலறையும் ஒன்றாகத் தேங்கினால் கோளாறு அதைத் தாண்டி இருக்கிறது. மேல் வீட்டில் தண்ணீர் விடும்போது உங்கள் சிங்க்கில் குமிழி வருகிறதா, களக் களக் என்று சத்தம் கேட்கிறதா? அப்படியானால் பொதுக் குழாயில் அடைப்பு இருக்கலாம், அல்லது மொட்டை மாடியில் முடியும் காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம். அதற்கு நீங்கள் தனியாக எத்தனை மூடி வாங்கினாலும் பயனில்லை, குடியிருப்போர் சங்கத்தில் பேசிப் பொதுச் செலவில், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட் மெஷின் வைத்து அடிக்கவேண்டும். தெருச் சாக்கடையே நிரம்பியிருந்தால் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் கொடுக்கலாம். எந்த நிலையிலும் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஒரு ஆளை இறக்கி அள்ளவைக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் அப்படி இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘கொஞ்சம் ஆழம்தான், ஐந்து நிமிட வேலை’ என்று சங்கத்தில் யாராவது சொன்னால், அந்த ஐந்து நிமிடத்தில்தான் விஷவாயுவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. பேசின் மூடியை இன்றைக்கே திருகிக் கழற்றிப் பாருங்கள். சிங்க்குக்குக் கீழே சுருள் குழாய் இருந்தால் அதை மாற்றுங்கள். இருக்கும் ஸ்டீல் கூடைக்கு ரப்பர் வளையம் மட்டும் புதிதாகப் போட்டு, வாரம் ஒரு தடவை நிரப்பித் திறந்துவிடுங்கள். இதையெல்லாம் செய்தும் இரண்டு மாதத்தில் மறுபடி அடைத்தால், சிங்க்கிலிருந்து எத்தனை அடி தள்ளி ஸ்பிரிங் தட்டி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே அடியில் நின்றால் அந்த இடத்தில் சரிவோ இணைப்போ தவறியிருக்கிறது, அங்கே உடைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.